நூற்றுக்கு எத்தனை? எந்த நூறு?
ஹார்மோன் அளவும் கருத்தரிப்பு சிகிச்சையின் வெற்றிக் கணக்கும்

(இணையவழி மக்கள் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



வேலை முடித்து, வீட்டு வேலையும் முடித்து, போனில் இதைத் திறந்திருக்கும் உங்களுக்கு நன்றி. முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை. செய்தித் துறையில் எழுதுகிறவள். யாருக்கு என்ன சிகிச்சை என்பதை உங்களைப் பரிசோதிக்கும் டாக்டர்தான் சொல்ல முடியும். அவர் சொல்வதைப் புரிந்துகொள்ளவும், அவரிடம் என்ன கேட்கணும் என்று தெரிந்துகொள்ளவும் இந்தப் பேச்சு உதவினால் போதும்.

கல்யாணமாகி ஒரு வருஷம் ஆனால் போதும், "விசேஷம் ஏதும் உண்டா?" என்ற கேள்வி நம்ம ஊரில் ஆரம்பித்துவிடும். இரண்டு, மூன்று வருஷம் ஆகிவிட்டால் கேள்வி ஜாடையாக மாறும். அந்தக் கட்டத்தில்தான் பலர் மருத்துவமனைக்குப் போகிறார்கள். ரத்தம் எடுக்கிறார்கள். மாலைக்குள் ரிப்போர்ட் வாட்ஸ்அப்பில் வந்துவிடுகிறது. ஓர் எண்ணுக்குப் பக்கத்தில் 'குறைவு' என்று தடித்த எழுத்தில் இருக்கிறது. டாக்டரைப் பார்க்க இன்னும் மூன்று நாள் இருக்கிறது. அந்த மூன்று நாளும் கூகுளும் யூடியூபும்தான் டாக்டர். இதற்கிடையில் ஒரு விளம்பரம் வருகிறது: '80 சதவீதம் வெற்றி'. நகையை வைத்தாவது போய்விடலாம் என்று மனசு துடிக்கும்.

இது ஏதோ ஒரு வீட்டு விஷயம் இல்லைங்க. உலகில் ஆறு பேரில் ஒருவர் வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்தில் குழந்தையின்மைப் பிரச்சினையைச் சந்திக்கிறார் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் அறிவித்தது. உங்கள் தெருவை மனதில் வைத்துப் பாருங்கள். எத்தனை வீடு என்று தெரியும்.

இன்றைக்கு இரண்டே எண்களைப் பற்றிப் பேசப்போகிறோம். ஒன்று, ரிப்போர்ட்டில் வரும் ஹார்மோன் அளவு. இன்னொன்று, விளம்பரத்தில் வரும் வெற்றி சதவீதம். இரண்டுமே பொய் இல்லை. ஆனால் நாம் நினைப்பதை அவை சொல்வதும் இல்லை.

ஏ.எம்.எச். சொல்வது என்ன?

ஆன்டி முல்லேரியன் ஹார்மோன். சுருக்கமாக ஏ.எம்.எச். சினைப்பைக்குள் வளரத் தொடங்கியிருக்கும் சின்னச் சின்ன முட்டைப் பைகள் இதைச் சுரக்கின்றன. பைகள் அதிகம் இருந்தால் அளவு அதிகம். குறைவாக இருந்தால் அளவு குறைவு. மாதவிலக்கின் எந்த நாளில் வேண்டுமானாலும் இதைப் பரிசோதிக்கலாம் என்பதால் இப்போது முதலில் எழுதிக்கொடுப்பதே இந்தப் பரிசோதனையைத்தான்.

ஒரு பெண் பிறக்கும்போதே அவளிடம் சுமார் 10 லட்சம் முதல் 20 லட்சம் வரை கருமுட்டைகள் இருக்கும். பூப்பெய்தும் வயதில் அது மூன்று, நான்கு லட்சமாகக் குறைந்திருக்கும். வாழ்நாள் முழுவதும் மாதம் ஒன்றாக வெளிவருவது நானூறு, ஐந்நூறுதான். மற்றவை தானாகவே கரைந்துபோகும். இது எல்லாப் பெண்களுக்கும் நடப்பது. நீங்கள் எதையோ சாப்பிட்டதாலோ, வேலைக்குப் போனதாலோ நடப்பது இல்லை.

ஏ.எம்.எச். என்பது மொட்டை மாடி டேங்கில் தண்ணீர் எவ்வளவு என்று காட்டும் மிதவை மாதிரி. தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று அது சொல்லும். அது உப்புத் தண்ணீரா, நல்ல தண்ணீரா என்று சொல்லாது. கருமுட்டையின் தரத்தைப் பெருமளவு முடிவு செய்வது வயது. வயது ஏற ஏற, முட்டைகளில் குரோமோசோம் குறைபாடு உள்ளவை அதிகமாகும். கரு ஒட்டாமல் போவதற்கும் கலைவதற்கும் பெரிய காரணம் அதுதான்.

அதனால் 28 வயதில் ஏ.எம்.எச். குறைவாக உள்ள பெண்ணும், 42 வயதில் நல்ல அளவு உள்ள பெண்ணும் ஒரே நிலையில் இல்லை. முதல் பெண்ணுக்குக் கிடைக்கும் முட்டைகள் குறைவாக இருக்கலாம்; ஆனால் ஒவ்வொரு முட்டைக்கும் வாய்ப்பு அதிகம். இரண்டாவது பெண்ணுக்கு முட்டைகள் நிறையக் கிடைக்கலாம். ஒவ்வொன்றுக்கும் உள்ள வாய்ப்பு குறைவு. எண்ணை மட்டும் பார்த்தால் இரண்டாவது பெண்தான் 'பாஸ்' என்று தோன்றும்.

சரி, ஏ.எம்.எச். குறைவாக இருந்தால் இயற்கையாகக் கரு தரிக்காதா? இதை நேரடியாகவே சோதித்துப் பார்த்தார்கள். அமெரிக்காவின் வட கரோலினாவில், 30 முதல் 44 வயது வரையுள்ள, குழந்தையின்மைப் பிரச்சினை எதுவும் அதுவரை இல்லாத 750 பெண்களைப் பின்தொடர்ந்த ஆய்வு 2017-ல் வெளியானது. ஏ.எம்.எச். 0.7-க்கும் கீழே இருந்தவர்களில், ஆறு மாத முயற்சியில் கருத்தரிக்கும் வாய்ப்பு 65 சதவீதம். அளவு சரியாக இருந்தவர்களுக்கு 62 சதவீதம். வயதையும் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகு வந்த கணக்கு இது. அதாவது வித்தியாசம் ஒன்றுமில்லை. மாதம் ஒரு முட்டைதானே வேண்டும்? டேங்க் நிறைய இருந்தாலும் கால் பங்கு இருந்தாலும் குழாயில் வரும் ஒரு சொம்பு தண்ணீர் ஒன்றுதான்.

கவனிக்க வேண்டியது: அந்த ஆய்வில் இருந்தவர்கள் குழந்தைக்காக அப்போதுதான் முயற்சி தொடங்கியவர்கள். வருஷக்கணக்கில் முயன்றும் தரிக்காதவர்களுக்கு வேறு காரணம் இருக்கலாம். அதைத் தேட வேண்டும். ஏ.எம்.எச். குறைவு என்ற ஒரே வரியோடு தேடலை நிறுத்திவிடக் கூடாது.

அப்படியானால் அந்தப் பரிசோதனை எதற்கு? ஐ.வி.எஃப். சிகிச்சையில் ஊசி போட்டால் எத்தனை முட்டைகள் கிடைக்கும் என்று முன்கூட்டியே கணிக்க. அதற்கு இது ரொம்பவே உதவும். அளவு 1.1 அல்லது 1.2-க்குக் கீழே இருந்தால் முட்டைகள் குறைவாகக் கிடைக்கலாம் என்று டாக்டர்கள் எதிர்பார்ப்பார்கள். ரொம்ப அதிகமாக இருந்தால் அதுவும் எச்சரிக்கைதான். நீர்க்கட்டிப் பிரச்சினை என்று நாம் சொல்லும் பி.சி.ஓ.எஸ். உள்ளவர்களுக்கு ஏ.எம்.எச். கூடுதலாக இருப்பது வழக்கம். அவர்களுக்கு ஊசியின் அளவு அதிகமானால் சினைப்பை வீங்கி, வயிற்றில் நீர் கோத்து, மருத்துவமனையில் சேர்க்க வேண்டிய நிலைகூட வரலாம். ஊசியின் அளவைப் பாதுகாப்பாக முடிவு செய்ய இந்த எண் டாக்டருக்குத் தேவை.

ரிப்போர்ட்டைப் படிக்கும்போது

இதில் பலர் தடுமாறும் இடம், அலகு. சில லேப்கள் ஏ.எம்.எச். அளவை நானோகிராம் கணக்கில் கொடுக்கும். சில லேப்கள் பிகோமோல் கணக்கில் கொடுக்கும். ஒரு நானோகிராம் என்பது சுமார் 7.14 பிகோமோல். ரிப்போர்ட்டில் '7' என்று இருந்தால், பிகோமோல் கணக்கில் அது சுமார் 1 நானோகிராம்தான், குறைவு பக்கம். நானோகிராம் கணக்கிலேயே 7 என்றால் அது அதிகம் பக்கம். ஒரே எண், இரண்டு வேறு கதை. தோழியின் ரிப்போர்ட்டையும் உங்கள் ரிப்போர்ட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் முன், எண்ணுக்குப் பின்னால் உள்ள அலகைப் பாருங்கள்.

அடுத்து, கருத்தடை மாத்திரை. மாதவிலக்கை ஒழுங்குபடுத்த என்று கொடுக்கப்படுவதும் பல நேரம் இதே மாத்திரைதான். அதைச் சாப்பிட்டு வரும் காலத்தில் ஏ.எம்.எச். குறைவாகக் காட்டலாம். முடி கொட்டாமல் இருக்க எடுக்கும் பயோட்டின் மாத்திரையும் பல ஹார்மோன் பரிசோதனைகளின் முடிவைக் குழப்பக்கூடியது. என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்பதை, கடையில் நீங்களாகவே வாங்கியது உட்பட, ரத்தம் கொடுக்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

எஃப்.எஸ்.எச். என்று இன்னொன்று வரும். மாதவிலக்கின் இரண்டாம் அல்லது மூன்றாம் நாள் எடுப்பார்கள். மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, 'முட்டையை வளர்த்துவிடு' என்று சினைப்பைக்குச் சொல்லி அனுப்பும் ஹார்மோன் இது. கூப்பிட்டதும் எழுந்துவிடும் பிள்ளைக்கு மெல்லிய குரல் போதும். எழாத பிள்ளைக்குச் சத்தம் போட வேண்டும். எஃப்.எஸ்.எச். 10-க்கு மேல் போகிறது என்றால் பிட்யூட்டரி சத்தம் போடுகிறது என்று அர்த்தம். சினைப்பை சோர்ந்திருக்கலாம். இந்த அளவு மாதத்துக்கு மாதம் மாறும். இதோடு சேர்த்து எஸ்ட்ரடையோல் என்ற ஹார்மோனையும் பார்ப்பார்கள். காரணம், எஸ்ட்ரடையோல் கூடினால் அது எஃப்.எஸ்.எச்.-ஐ அமுக்கிக் குறைவாகக் காட்டிவிடும். 'எதுக்கு இரண்டு டெஸ்ட், காசு பிடுங்கவா?' என்று தோன்றும். இந்த இரண்டும் ஜோடி டெஸ்ட்.

தைராய்டும் புரோலாக்டினும் வேறு ரகம். இவற்றின் அளவு சரியில்லை என்றால் முட்டை வெளிவருவதே தடைப்படலாம். நல்ல செய்தி என்னவென்றால், பெரும்பாலும் மாத்திரையிலேயே இவற்றைச் சரிசெய்துவிடலாம். பெரிய சிகிச்சைக்குப் போகும் முன் இந்த இரண்டையும் பார்த்துவிட்டார்களா என்று கேளுங்கள்.

கணவர்களே, இது உங்களுக்கு

குழந்தை இல்லை என்றால் பெண்ணுக்கு மட்டும் பத்து டெஸ்ட் எடுக்கும் வழக்கம் இன்னும் போகவில்லை. குழந்தையின்மையில் ஏறக்குறைய பாதித் தம்பதிகளிடம் ஆணின் பக்கமும் காரணம் இருக்கிறது, தனியாகவோ பெண்ணின் காரணத்தோடு சேர்ந்தோ. விந்தணுப் பரிசோதனைக்கு ஊசி கிடையாது, வலி கிடையாது, செலவும் குறைவு. அதை முதல் வாரத்திலேயே எடுத்துவிட்டால், மனைவியின் பல மாதங்கள் மிச்சமாகும்.

இன்னொன்று, இளைஞர்களுக்கு அவசியமானது. உடம்பை ஏற்றுவதற்காக ஜிம்மில் சிலர் டெஸ்டோஸ்டிரோன் ஊசியோ ஸ்டீராய்டோ போட்டுக்கொள்கிறார்கள். ஆண்மைக்கான ஹார்மோன்தானே, குழந்தைக்கு நல்லதுதானே என்று நினைப்பார்கள். நடப்பது தலைகீழ். வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் வந்ததும், 'நம்ம வேலை தேவையில்லை' என்று பிட்யூட்டரி ஓய்ந்துவிடும். விந்தணு உற்பத்தி அப்படியே குறையும்; சிலருக்கு முழுதாக நின்றேபோகும். நிறுத்தினால் பெரும்பாலானவர்களுக்குத் திரும்ப வரும், ஆனால் மாதங்கள் ஆகும். போட்டிருந்தால் டாக்டரிடம் மறைக்காதீங்க.

ஊசி அதிகமானால் வெற்றி அதிகமா?

'அளவு குறைவாக இருக்கு, ஊசியை ஏத்திப் போடுங்க டாக்டர்' என்று கேட்பவர்கள் உண்டு. முட்டை குறைவாகக் கிடைக்கும் என்று எதிர்பார்க்கப்பட்ட பெண்களுக்கு ஊசியின் அளவைக் கூட்டினால் குழந்தை பிறப்பது கூடுகிறதா என்று நெதர்லாந்தில் ஆப்டிமிஸ்ட் என்ற ஆய்வில் பார்த்தார்கள். 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் பங்கேற்ற அந்த ஆய்வின் முடிவு 2017-ல் வந்தது. ஊசியைக் கூட்டியதால் குழந்தை பிறக்கும் விகிதம் கூடவில்லை. செலவுதான் கூடியது. டேங்கில் இல்லாத தண்ணீரை மோட்டாரைக் கூட்டி எடுக்க முடியாது.

அதே நேரம், முட்டை குறைவு என்பது கதவை அடைக்கும் செய்தியும் இல்லை. 1978 ஜூலை 25-ல் இங்கிலாந்தில் பிறந்த உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை லூயிஸ் பிரவுன், ஹார்மோன் ஊசி எதுவும் போடாமல், அந்த மாதம் இயற்கையாக வளர்ந்த ஒரே ஒரு முட்டையிலிருந்து உருவானவர். அவருடைய தாய்க்கு இருந்த பிரச்சினை கருக்குழாய் அடைப்பு. அதே ஆண்டு அக்டோபர் 3-ல் கொல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகர்ஜியின் முயற்சியில் இந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்தது. அவர் ஹார்மோன் ஊசி கொடுத்து முட்டைகளை வளர்த்தார். கருவை உறையவைத்துப் பிறகு வைத்தார். இன்று உலகம் முழுக்க வழக்கமாகிவிட்ட முறை அது. உயிரோடு இருந்தபோது அவருக்கு உரிய அங்கீகாரம் கிடைக்கவில்லை என்பது நம் நாட்டு மருத்துவ வரலாற்றின் சோகம்.

உறையவைப்பது பற்றிக் கேட்கிறீர்களா? அதற்கும் ஒரு ஹார்மோன்தான் பல நேரம் காரணம். முட்டை எடுப்பதற்கு முன்பே புரோஜெஸ்டிரோன் அளவு ஏறிவிட்டால், கருப்பையின் உள்படலம் அவசரப்பட்டு முன்னாடியே தயாராகிவிடும். கரு வந்து சேரும்போது நேரம் தாண்டியிருக்கும். அப்போது கருக்களை உறையவைத்து, அடுத்த மாதங்களில் படலத்தைத் தயார்செய்து வைப்பார்கள். 'இந்த மாதம் வைக்கலை, தள்ளிப் போட்டாங்க' என்றால் உடனே மனசு உடைய வேண்டாம். ஏன் என்று கேளுங்கள். பெரும்பாலும் காரணம் இருக்கும்.

கரு வைத்த பிறகு வரும் கடைசி எண், எச்.சி.ஜி. சுமார் இரண்டு வாரத்தில் ரத்தத்தில் பார்ப்பார்கள். அதற்கு முன் வீட்டில் குச்சி டெஸ்ட் போட்டுப் பார்ப்பது வேண்டாம். முட்டை முதிர்வதற்காகப் போடும் கடைசி ஊசியே பல நேரம் எச்.சி.ஜி.தான். அது உடம்பில் மிச்சமிருந்தால் கர்ப்பம் இல்லாமலேயே இரண்டு கோடு காட்டிவிடும். முதல் எச்.சி.ஜி. எண்ணை மற்றவர்களின் எண்ணோடு ஒப்பிடவும் வேண்டாம். இரண்டு நாள் இடைவெளியில் அது எப்படி ஏறுகிறது என்பதைத்தான் டாக்டர் பார்ப்பார்.

இப்போது அந்த 80 சதவீதம்

ஒரு கற்பனைக் கணக்கு போடலாம். ஒரு மையத்தில் 100 பெண்கள் ஐ.வி.எஃப். சிகிச்சையைத் தொடங்குகிறார்கள். ஊசிக்கு முட்டை சரியாக வளராததால் 10 பேருக்குப் பாதியிலேயே நிறுத்துகிறார்கள். மீதி 90 பேரிடம் முட்டை எடுக்கிறார்கள். 15 பேருக்கு வைக்கும் அளவுக்குக் கரு வளரவில்லை. 75 பேருக்குக் கரு வைக்கிறார்கள். அதில் 36 பேருக்கு ரத்தப் பரிசோதனையில் கர்ப்பம் என்று வருகிறது. 30 பேருக்கு ஸ்கேனில் இதயத்துடிப்பு தெரிகிறது. கடைசியில் 25 பேர் குழந்தையோடு வீட்டுக்குப் போகிறார்கள்.

இந்த மையத்தின் வெற்றி எவ்வளவு?

கரு வைத்தவர்களில் 'பாசிட்டிவ்' வந்தவர்கள் என்றால் 75-க்கு 36. அதாவது 48 சதவீதம். கரு வைத்தவர்களில் இதயத்துடிப்பு வந்தவர்கள் என்றால் 40 சதவீதம். கரு வைத்தவர்களில் குழந்தை பெற்றவர்கள் என்றால் 33 சதவீதம். சிகிச்சை தொடங்கியவர்களில் குழந்தை பெற்றவர்கள் என்றால் 25 சதவீதம்.

ஒரே மையம், ஒரே ஆண்டு, அதே 100 பெண்கள். நான்கு எண்கள். ஒன்றுகூடப் பொய் இல்லை. ஆனால் பணம் கட்டும் நாளில் நீங்கள் நிற்பது அந்த 100 பேர் வரிசையில்தான்; 75 பேர் வரிசையில் இல்லை. உங்களுக்குத் தேவையான எண் 25. விளம்பரப் பலகையில் ஏறுவது எந்த எண் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்னும் சில வழிகளிலும் எண் உயரும். மூன்று முறை செய்த சிகிச்சையைச் சேர்த்துக் கணக்கிட்டால் சதவீதம் கூடும். அது தவறான கணக்கு இல்லை. ஆனால் மூன்று முறைக்கான செலவும் உடல் சிரமமும் அதில் இருக்கிறது என்று சொல்ல வேண்டும். தானமாகப் பெற்ற இளவயது முட்டையில் செய்த சிகிச்சைகளையும் சேர்த்தால் கூடும். இரண்டு, மூன்று கருக்களை ஒரே நேரத்தில் வைத்தால் கூடும். கூடவே இரட்டைக் குழந்தை, குறைமாதப் பிரசவம், தாய்க்கு ரத்த அழுத்தம் என்ற ஆபத்துகளும் கூடும். வயதானவர்களையும் ஏ.எம்.எச். குறைந்தவர்களையும் சேர்த்துக்கொள்ளாமல் திருப்பி அனுப்பினாலும் கூடும். கஷ்டமான கேஸ்களை ஏற்றுக்கொள்ளும் நல்ல மையத்தின் எண், அதனாலேயே குறைவாகத் தெரியலாம்.

அதனால்தான் வயதுவாரியாகக் கேட்க வேண்டும். பிரிட்டனில் 1991 முதல் இந்தச் சிகிச்சைகளைக் கண்காணிக்கும் அரசு ஆணையம் ஒன்று இருக்கிறது. நாடு முழுவதும் உள்ள மையங்களின் முடிவுகளை அது வெளியிடுகிறது. சொந்த முட்டையில், வைக்கப்பட்ட ஒரு கருவுக்குக் குழந்தை பிறக்கும் விகிதம், 35 வயதுக்குக் கீழ் சுமார் மூன்றில் ஒன்று. 43, 44 வயதில் அது சுமார் இருபதில் ஒன்று. நல்ல வசதிகளும் கண்காணிப்பும் உள்ள நாட்டின் நிலை இது. யாராவது எல்லா வயதுக்கும் சேர்த்து '80 சதவீதம்' என்றால், 'எதில் 80?' என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

இளம் வயதிலேயே மூன்றில் ஒன்று என்றால், மூன்றில் இரண்டு முறை பலிக்கவில்லை என்றுதானே அர்த்தம்? முதல் முறை பலிக்காத பெண், 'நான் மாடிப்படி ஏறினேன், அதனாலதான்', 'அன்னைக்கு அழுதேன், அதனாலதான்' என்று தன்னையே குறை சொல்லிக்கொள்வாள். சுற்றியிருப்பவர்களும் எடுத்துக்கொடுப்பார்கள். வேண்டாங்க. பலிக்காமல் போவது இந்தச் சிகிச்சையில் சாதாரணமாக நடப்பது. கரு வைத்த பிறகு படுத்தே கிடப்பதால் வெற்றி கூடுவதும் இல்லை.

சட்டம் உங்கள் பக்கம்

மருத்துவ உதவியுடனான கருத்தரிப்புத் தொழில்நுட்பத்தை ஒழுங்குபடுத்தும் மத்திய அரசின் சட்டம் 2021-ல் நிறைவேறி, 2022 ஜனவரி 25 முதல் நடைமுறையில் இருக்கிறது. குடிமக்களாக நாம் தெரிந்திருக்க வேண்டிய சில விஷயங்கள் மட்டும் சொல்கிறேன்.

பதிவு பெறாத மையம் இந்தச் சிகிச்சையைச் செய்யவே கூடாது. பதிவுச் சான்றிதழை எல்லோரும் பார்க்கும் இடத்தில் மாட்டியிருக்க வேண்டும். பதிவு ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும். தேதியைப் பாருங்கள். இதற்கென உள்ள தேசியப் பதிவகத்தின் இணையதளத்திலும் பதிவு பெற்ற மையங்களைப் போனிலேயே தேடிப் பார்க்கலாம்.

அந்த மையத்தில் சிகிச்சை வெற்றிபெறும் வாய்ப்பு எவ்வளவு, செலவு என்ன, பக்கவிளைவு என்ன, ஒன்றுக்கும் மேற்பட்ட குழந்தை உண்டாகும் ஆபத்து என்ன என்பதையெல்லாம் தம்பதிக்கு விளக்கி ஆலோசனை தர வேண்டியது மையத்தின் கடமை என்று சட்டமே சொல்கிறது. நீங்கள் கேட்பது சலுகை இல்லை. 'ரொம்பக் கேள்வி கேக்கறீங்களே' என்று யாராவது சொன்னால், சிரித்துக்கொண்டே இன்னொரு கேள்வி கேளுங்கள்.

எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல் சிகிச்சை தொடங்கக் கூடாது. கையெழுத்துப் போடும் முன் படிக்க நேரம் கேளுங்கள். உங்களுக்குத் தெரிந்த மொழியில் விளக்கச் சொல்லுங்கள். புகார்களைக் கேட்க மையத்திலேயே குறைதீர் பிரிவு இருக்க வேண்டும். சிகிச்சை முடிந்ததும் என்ன செய்தார்கள் என்ற விவரத்தோடு சான்று தர வேண்டும். வேறு டாக்டரிடம் போக நேர்ந்தால் அந்தத் தாள்தான் உங்கள் சொத்து. எத்தனை முட்டை, எத்தனை கரு, எந்த ஊசி, எவ்வளவு அளவு என்று தெரியாமல் அடுத்த டாக்டர் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டிவரும்.

சிகிச்சை பெறும் பெண்ணுக்கு வயது 21 முதல் 50 வரை, ஆணுக்கு 21 முதல் 55 வரை என்று சட்டம் வரம்பு வைத்திருக்கிறது. ஆணா பெண்ணா என்று தேர்ந்தெடுத்துத் தருகிறோம் என்று யார் சொன்னாலும் அது குற்றம். அந்த இடத்தில் ஒரு நிமிஷம்கூட உட்காராதீர்கள்.

எங்கே தொடங்குவது?

35 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் ஒரு வருஷம் முயன்றும் தரிக்கவில்லை என்றால் டாக்டரைப் பாருங்கள். 35-க்கு மேல் என்றால் ஆறு மாதம். 40 தாண்டியிருந்தால் காத்திருக்கவே வேண்டாம். மாதவிலக்கு ஒழுங்கில்லாதவர்கள், முன்பு வயிற்றில் அறுவை சிகிச்சை ஆனவர்கள் முன்னதாகவே போகலாம்.

முதல் கட்டப் பரிசோதனைகளை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மகப்பேறு பிரிவில் தொடங்கலாம். சென்னை எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் அரசின் கருத்தரிப்பு மையம் இயங்குகிறது. உங்கள் ஊரிலிருந்து எங்கே போகலாம் என்று 104 மருத்துவ உதவி எண்ணில் கேளுங்கள். எல்லோருக்கும் ஐ.வி.எஃப். தேவைப்படாது. தைராய்டு சரியானதும் தரித்தவர்கள், எடையைக் கொஞ்சம் குறைத்ததும் முட்டை ஒழுங்காக வந்தவர்கள், மாத்திரையிலேயே பலன் கண்டவர்கள் நிறைய உண்டு.

தனியார் மையத்தில் குறை இருந்தால் முதலில் அவர்களுடைய குறைதீர் பிரிவில் எழுத்தில் கொடுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். தீரவில்லை என்றால் மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தை அணுகலாம். 1100 என்ற எண்ணில் முதல்வரின் முகவரிக்கும் சொல்லலாம். பணம், பில் தொடர்பான புகார் என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மனசு தாங்கவில்லை, பேச ஆள் இல்லை என்றால் 14416. இந்த டெலிமானஸ் எண்ணில் தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை.

கேட்க வேண்டிய எட்டுக் கேள்விகள்

இந்தப் பகுதியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

1. எங்களுக்குக் குழந்தை தரிக்காததற்கு என்ன காரணம் என்று நினைக்கிறீர்கள்? இரண்டு பேரையும் பரிசோதித்துவிட்டீர்களா?

2. என் ஏ.எம்.எச். எந்த அலகில் இருக்கிறது? என் வயதுக்கு அது எப்படி? சிகிச்சை முறையை அது எப்படி மாற்றும்?

3. ஐ.வி.எஃப். இல்லாமல் வேறு எளிய வழி எங்களுக்கு இருக்கிறதா?

4. என் வயதில், சொந்த முட்டையில், உங்கள் மையத்தில் சிகிச்சை தொடங்கிய 100 பேரில் குழந்தையோடு வீட்டுக்குப் போனவர்கள் எத்தனை பேர்?

5. எத்தனை கரு வைப்பீர்கள்? ஏன்?

6. ஊசி, ஸ்கேன், மயக்க மருந்து, உறையவைப்பு, அதற்கான ஆண்டுக் கட்டணம் எல்லாம் சேர்த்து மொத்தச் செலவு எவ்வளவு? பாதியில் நிறுத்தினால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும்?

7. நீங்கள் சொல்லும் இந்தக் கூடுதல் சிகிச்சை, குழந்தை பிறப்பதைக் கூட்டுகிறது என்று நிரூபணம் ஆகியிருக்கிறதா?

8. இந்த முறை பலிக்கவில்லை என்றால் அடுத்து என்ன? எந்த இடத்தில் நிறுத்தச் சொல்வீர்கள்?

இதில் நான்காவது கேள்விக்குத் தெளிவாகப் பதில் சொல்லும் டாக்டர், எண் சின்னதாக இருந்தாலும், உங்களை மதிக்கிறார். எட்டாவது கேள்வியை வீட்டில் நீங்கள் இருவரும் முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ளுங்கள். எத்தனை முறை, எவ்வளவு பணம், எதை அடகு வைக்கலாம், எதை வைக்கக் கூடாது என்று சிகிச்சைக்கு முன்பு தெளிவாக யோசிக்க முடியும். ஒரு முறை பலிக்காமல் போன வாரத்தில் அப்படி யோசிக்க யாராலும் முடியாது.

இந்தப் பேச்சு உங்களுக்குத் தேவைப்படாமல் இருக்கலாம். உங்கள் தங்கைக்கோ, ஆபீஸில் பக்கத்து சீட்டில் இருப்பவருக்கோ தேவைப்படலாம். அனுப்பி வையுங்கள். 'விசேஷம் உண்டா?' என்று கேட்பதை விட அது அவர்களுக்கு உதவும்.